பதுளையைக் காண வருவோர்க்கு நாம் காட்ட வேண்டியவை

ஒரு நகரத்திற்குப் புதிதாய் வருபவர் முதலிற் கேட்பது, "இவ்வூரிற் பார்க்கத்தக்கவை யாவை?" என்பதே. அதற்கு ஊரவர் கூறும் விடையைக் கொண்டு, அவர்கள் தம்மைப்பற்றி என்ன நினைக்கின்றனர் என்பதையும் ஒருவாறு அறிந்துகொள்ளலாம். எதனைக் காட்டுகின்றார்களோ அதனைத் தம் பெருமையென எண்ணுகின்றார்கள். எதனைக் காட்டாது விடுகின்றார்களோ அதனை மறந்துவிட்டார்கள், அல்லது அதனைச் சொல்ல நாணுகின்றார்கள்.

வட ஐரோப்பாவிலே சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டொக்ஹோம் பழம்பெரும் நகரம். அங்கே செல்வோர் அரச மாளிகையைப் பார்ப்பர். ஒடுங்கிய தெருக்களையுடைய பழைய நகரைச் சுற்றுவர். அவற்றோடு தவறாது காண்பவை இன்னும் இரண்டு. ஒன்று 'வாசா' என்னும் போர்க்கப்பல். 1628 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10 ஆம் தேதி முதன்முதற் பாய் விரித்துப் புறப்பட்ட அக்கப்பல், ஒரு மைல் தூரங்கூடச் செல்லாமுன் துறைமுகத்திலேயே கவிழ்ந்து மூழ்கிற்று. 333 ஆண்டுகளின் பின், 1961 இல் அதனை மேலே எடுத்தனர். 1990 இல் அதற்கெனவே ஒரு காட்சிச்சாலை திறந்தனர். அங்கே அரசனுடைய சின்னங்களோடு, கப்பலில் மாண்ட எளிய மாலுமிகளின் பாதரட்சைகளும் உண்ணும் கரண்டிகளும் வைக்கப்பட்டுள்ளன. மற்றொன்று 'ஸ்கான்சென்' என்னும் திறந்தவெளிக் காட்சிச்சாலை. ஆர்தர் ஹசீலியஸ் என்பவர் 1891 இல் அதனை நிறுவினார். நாட்டின் பல பாகங்களிலுமிருந்து குடியானவரின் வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து, தலைநகரிலேயே மீண்டும் கட்டி வைத்தார். இன்று உலகெங்கும் இருந்து வருவோர் ஏழை உழவனின் அடுப்படியையும் அங்கே நின்று பார்க்கின்றனர்.

தோல்வியுற்ற கப்பலையும் குடியானவன் குடிலையும் மாளிகைக்கு ஒப்பாகக் காட்டும் அம்மக்களின் மனப்பாங்கை எண்ணிக்கொண்டு, நம் ஊரை ஒருமுறை சுற்றிப் பார்ப்போம்.

பழம்பதியாகிய பதுளை

நமுனுகுலை மலையின் அடியில், பதுளு ஓயா வளைந்தோடும் பள்ளத்தாக்கில் அமைந்தது பதுளை. 1886 இல் ஊவா தனி மாகாணமாக்கப்பட்டபோது பதுளை அதன் தலைநகராயிற்று. அதற்கு நெடுங்காலம் முன்னரே இது ஓர் அரசிருக்கையாக விளங்கியது. பதினேழாம் நூற்றாண்டிலே கண்டி மன்னன் செனரத்தின் காலத்தில், குமாரசிங்கன் என்னும் இளவரசனுக்கு ஊவா உரித்தாயிருந்தது.

நகரின் நடுவே முத்தியங்கனை விகாரை இருக்கின்றது. புத்தர் பெருமான் இலங்கையில் எழுந்தருளிய பதினாறு தலங்களுள் ஒன்றெனப் பௌத்தர் அதனைப் போற்றுவர். அண்மையிலேயே கதிர்காமத் தேவாலயம் உளது. அங்கே எழுந்தருளியிருப்பவன் நம் முருகப்பெருமானே. சிங்கள மக்கள் கதிர்காமத் தெய்யோ என்று கைகூப்பும் இடத்தில், கந்தா என்று நாமும் கைகூப்புகின்றோம். பழைய சுவர்ச் சித்திரங்களும் செதுக்கு வேலையமைந்த மரத்தூண்களும் அங்கே காணத்தக்கவை. ஹாலி எலைப் பக்கமாகச் சென்றால் போகொடையில், ஓடு வேய்ந்த கூரையோடு கூடிய பழைய மரப்பாலம் ஒன்று உண்டு. கால்நடையாய் மலைநாட்டைக் கடந்தவர்கள் இளைப்பாறிய இடம் அது.

1630 ஆம் ஆண்டில் இந்நகர் எரிந்தது. பறங்கியரின் தளபதியாகிய கொன்ஸ்தாந்தினோ டி சா பெரும்படையோடு ஊவாவுட் புகுந்து பதுளையைத் தீக்கிரையாக்கினான். திருக்கோணமலையிலே கோணேசர் கோயிலை இடித்து, அக்கல்லைக் கொண்டு கோட்டை எழுப்பியவனும் இவனே. ஆனால் திரும்பும் வழியில், வெல்லவாயாவுக்கு அண்மையிலுள்ள ரந்தெனிவலையில் கண்டிப் படைகள் அவனைச் சூழ்ந்துகொண்டன. அவனுடன் வந்த உள்நாட்டு வீரரும் அவனைக் கைவிட்டு மறுபக்கம் சேர்ந்தனர். கடுமழையில் வெடிமருந்து நனைந்தது. டி சா அங்கேயே மாண்டான். கோணேசர் கோயிலை இடித்தவனுக்கு ஊவா மண்ணே முடிவு கட்டிற்று என்பதை நம் இளைஞருள் எத்தனைபேர் அறிவர்?

முறையீட்டைச் சுமந்த கல்

பதுளையிற் காணத்தக்க பொருள்களுள் விலைமதிக்க முடியாதது ஒரு கற்றூண். மகியங்கனைக்கு அருகேயுள்ள சொரபொரப் பகுதியிற் கிடந்த அதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இங்கே உதவி அரசாங்க அதிபராயிருந்த ஜோன் பெய்லி என்பவர் கண்டார். பின்னர் அது பதுளைக்குக் கொண்டுவரப்பட்டது. அதனைப் பதுளைத் தூண் கல்வெட்டு என்பர். பத்தாம் நூற்றாண்டில், நான்காம் உதயன் என்னும் மன்னன் காலத்தில் வெட்டப்பட்டது அது.

அதிற் போர்வெற்றியோ தானமோ கூறப்படவில்லை. மன்னன் மகியங்கனைக்கு வந்தபோது, ஹோபிட்டிகமை என்னும் சந்தை ஊரின் வணிகரும் குடிகளும் அவன்முன் சென்று முறையிட்டனராம். முன்னிருந்த அரசன் விதித்த ஒழுங்குகளை அதிகாரிகள் மீறி, வாங்கத்தகாத வரிகளை வாங்குகின்றனர் என்பதே அவர்கள் குறை. மன்னன் அதனைக் கேட்டு, சந்தைக்குரிய விதிகளை மீண்டும் வகுத்துக் கல்லிற் பொறிக்கச் செய்தான். முத்திரையில்லாத அளவைகளைப் பயன்படுத்தலாகாது. போயா நாளில் வாணிகம் செய்யலாகாது. வரி வாங்குவோர் தம் எல்லையை மீறலாகாது என்றவாறு விதிகள் செல்கின்றன.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவ்வணிகரின் பெயர்களை நாம் அறியோம். ஆயினும் அவர்கள் அடைந்த துன்பத்தை அறிவோம். அது கல்லில் எழுதப்பட்டதால் அறிவோம். எழுதப்பட்ட குறை ஆயிரம் ஆண்டு நிற்கும். எழுதப்படாத குறை அதனை அனுபவித்தவரோடு மறையும். இவ்வுண்மையை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

துரைமார் காலம்

1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. இரண்டே ஆண்டுகளில் ஊவாவும் வெல்லசையும் கிளர்ந்தெழுந்தன. பதுளையிலிருந்து நிருவாகம் நடத்திய சில்வெஸ்டர் வில்சன் 1817 இற் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொலைத் திசாவை கிளர்ச்சியாளரோடு சேர்ந்தான். 1818 நவம்பர் 26 ஆம் தேதி கண்டியில் அவன் தலை வெட்டுண்டது. ஊர்கள் எரிந்தன, வயல்கள் பாழாயின. அந்த அழிவிலிருந்து ஊவா நெடுங்காலம் எழவில்லை.

நகரிலுள்ள புனித மாற்கு தேவாலயம் இக்காலத்தை அடுத்து எழுந்தது. மேஜர் ரொஜர்ஸ் என்னும் அதிகாரியின் நினைவாக, 1857 இல் அது வழிபாட்டுக்கு வந்தது. ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேற் சுட்டவர் என்று பேர்பெற்ற அவர், 1845 ஜூன் 7 ஆம் தேதி அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். யானை கொன்ற பாவம் என்று கதை சொல்வோர் இன்றும் உளர். அவர் ஊவாவிற் பாதைகள் அமைத்தார் என்பதும் உண்மையே. பாதை வகுத்தவர் பெயர் தேவாலயச் சுவரில் இருக்கின்றது. மண்வெட்டி பிடித்தவர் பெயர் எச்சுவரிலும் இல்லை.

கோப்பித் தோட்டங்கள் பெருகிய அந்நாளிலேதான் நம் முன்னோர் வரத்தொடங்கினர். இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சை, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணியின் பின்னே புறப்பட்டு, கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே விழுந்தவர் பலர். எஞ்சியோர் அங்கிருந்து மலைமலையாய் ஏறி ஊவாவை அடைந்தனர். கோப்பி பருவப் பயிராதலின், பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்புவோர் அக்காலத்தில் மிகுதி. 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழித்தது. அதன் இடத்திற்குத் தேயிலை வந்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். பெண்களின் கை வேண்டும். ஆகவே குடும்பங்களாக வந்து குடியேறினர். நாம் இம்மலைகளின் மக்களானது இவ்வாறே.

இன்று அப்புத்தளைக்கு வருவோர் தம்பேதென்னைத் தோட்டத்தின் உச்சியிலுள்ள 'லிப்டன் சீற்' என்னும் இடத்திற்கு விடியுமுன் ஏறுகின்றனர். 1890 இல் இப்பக்கத் தோட்டங்களை வாங்கிய சேர் தோமஸ் லிப்டன் அமர்ந்து பார்த்த இடமாம் அது. பனி விலகும்போது தெரியும் காட்சி உண்மையிலேயே மனத்தை அள்ளுவது. ஆனால் ஒன்று கேட்போம்: கண்ணுக்கெட்டிய வரை பச்சைக் கம்பளம் போலத் தோன்றுவது இயற்கையா? காட்டை வெட்டியும், கல்லடுக்கிக் கானோடையும் தடுப்பும் கட்டியும், கன்று நட்டும், கவ்வாத்து வெட்டியும், பிரட்டு மணி அடித்த நாள்முதல் நம் மக்கள் செய்து வைத்த வேலை அல்லவா அது? துரை அமர்ந்த கல்லுக்குப் பெயருண்டு. மலையை ஆக்கியவர்க்கு அங்கே ஒரு பெயர்ப்பலகையும் இல்லை.

புகைவண்டி வந்த கதை

தேயிலைப் பெட்டிகளை மாட்டு வண்டியில் ஏற்றி மலை கடத்துவது பெரும்பாடு. ஆதலால் இருப்புப்பாதை வேண்டுமென்று தோட்டத்துரைமார் இடைவிடாது கேட்டனர். 1893 இல் பாதை அப்புத்தளையை அடைந்தது. 1894 இல் பண்டாரவளைக்கு வந்தது. அங்கிருந்து பதுளைக்கு வர மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1924 இலேதான் முதற் புகைவண்டி இந்நகரைத் தொட்டது.

இப்பாதையின் இரண்டு அற்புதங்களைப் பார்க்கவே இன்று ஆயிரக்கணக்கானோர் வருகின்றனர். எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் ஒன்று. ஏறத்தாழ 300 அடி நீளமும் 80 அடி உயரமும் கொண்ட அது, கல்லாலும் செங்கல்லாலும் சீமேந்தாலும் கட்டப்பட்டது. முதலாம் உலக யுத்தத்தால் இரும்பு கிட்டாமையின் இவ்வாறு கட்டினர் என்றும், அப்புஹாமி என்னும் உள்ளூர்க்காரர் முன்னின்று கட்டினார் என்றும் சொல்வர். மற்றது தெமோதரை வளையம். நிலையத்தை விட்டுப் புறப்பட்ட வண்டி, மலையைச் சுற்றி இறங்கி, அந்நிலையத்தின் கீழேயே சுரங்கத்தினூடாகப் போகும்.

இவ்வளையத்தைப் பற்றியும் ஒரு கதை வழங்குகின்றது. செங்குத்தான இறக்கத்தில் எவ்வாறு பாதை போடுவது என்று பொறியியலாளர் திகைத்து நின்றபோது, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டினாராம். அதனைப் பார்த்தே வளையப் பாதை மனத்தில் உதித்ததாம். கதை மெய்யோ பொய்யோ, அதில் ஒரு நயமுண்டு. ஊவாவின் காட்சிக் கதைகளுள் நம் தமிழர் ஒருவர் தலைகாட்டுவது இதிலேதான் எனலாம். அவரும் பெயரில்லாதவராகவே வருகின்றார், தலைப்பாகைதான் பேசப்படுகின்றது!

அண்மையிலே நாம் அப்பாலத்திற்குச் சென்றிருந்தோம். பிறநாட்டார் ஒருவர், வழிகாட்டி நின்ற தோட்டத்து இளைஞர் ஒருவரிடம் இதனைக் கட்டியவர் யாரென்று வினவினார். "வெள்ளைக்காரர்" என்றார் அவர், சிறிதும் தயங்காமல். இராவணன் குகையையும் இராவணன் அருவியையும் பற்றி அரைமணி நேரம் அழகாகப் பேசியவர் அவர். சீதாபிராட்டி சிறையிருந்த கதையை அறிந்த அவருக்கு, தம் பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது தெரியவில்லை. அவரை நாம் குறை கூறோம். அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நாமே.

வந்த வழியும் போன வழியும்

பதுளைப் புகைவண்டி நிலையத்தைப் பழமை மாறாத அழகிய கட்டடம் என்று பிரயாணிகள் படம் பிடிக்கின்றனர். ஆனால் நம் மூத்தோர்க்கு அது வேறொரு காட்சியை நினைவூட்டுவது.

1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு ஏழு இடங்களை வென்றது. பதுளையும் அவற்றுள் ஒன்று. மறு ஆண்டே, 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவராக்கிற்று. வாக்குரிமையும் அடுத்துப் போயிற்று. 1964 அக்டோபர் 30 ஆம் தேதி சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேரை எண்ணிக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். மீதி 1,50,000 பேரை 1974 இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். பங்கிடப்பட்டவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

பின்னர் இந்நிலையத்திலிருந்தும் வழியிலுள்ள மலைநாட்டு நிலையங்களிலிருந்தும் வண்டிகள் புறப்பட்டன. தலைமன்னார் வரை புகைவண்டி. அங்கிருந்து இராமேசுவரத்திற்குக் கப்பல். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. மேடையில் நின்றவரும் வண்டியில் இருந்தவரும் கைகளை விடாமற் பற்றிக்கொண்டு, வண்டி நகர நகரக் கூடவே ஓடியதை நம் வீடுகளிலுள்ள பாட்டிமார் இன்றும் கண்ணீரோடு கூறுகின்றனர். "இந்தியாவிலே நம்மைச் சிலோன்காரர் என்றார்கள், இங்கே நம்மை இந்தியாக்காரர் என்றார்கள்" என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். இங்கு எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003 இலேதான் நிறைவேறிற்று. 1948 முதல் 2003 வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள்! அந்நிலையத்தின் கூரையையும் கடிகாரத்தையும் காட்டும் நாம், அம்மேடையிற் சிந்திய கண்ணீரைச் சொல்லாது விடலாமா?

அருவிகளும் ஓர் இடுகாடும்

பதுளைக்கு அண்மையிலுள்ள துன்கிந்தை அருவி ஏறத்தாழ 210 அடி உயரமானது. நீர்த்திவலைகள் புகைபோல எழுதலின் அப்பெயர் பெற்றது. காட்டுப்பாதையில் நடந்து சென்று, திடீரென அதன் முன்னே நிற்கும்போது உண்டாகும் உவகை சொல்லுந்தரமன்று. கொஸ்லந்தைக்கு அப்பாலுள்ள தியலுமை அருவி ஏறத்தாழ 720 அடி உயரத்திலிருந்து வீழ்வது. இலங்கையின் மிகவுயர்ந்த அருவிகளுள் ஒன்று.

அப்புத்தளையிலிருந்து தியலுமைக்குச் செல்வோர் கொஸ்லந்தையைக் கடந்தே செல்வர். அங்கே மேலே மலைச்சரிவில் மீரியபெத்தைத் தோட்டம் இருந்தது. 2014 அக்டோபர் 29 ஆம் தேதி காலையில், தொடர்மழையால் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பள்ளிக்கூடம் சென்ற பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானதென்று முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எனினும் அம்மக்களுக்குப் பெயர்ந்து செல்ல வேறு நிலம் இருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக மலையைப் பண்படுத்தியவர்க்கு, அம்மலையிற் பத்துப் பேர்ச் நிலமும் சொந்தமாயிருக்கவில்லை. அருவியைக் காணச் செல்லும் வாகனங்கள் அவ்வழியே விரைந்து போகின்றன. நாம் உடன்செல்லும்போதாயினும் வாகனத்தை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்வது நம் கடன்.

இளைஞர்காள்!

நாம் இங்கே சொல்லியவற்றைக் கேட்டு, அரசர் கட்டியதையும் ஆங்கிலேயர் கட்டியதையும் இகழவேண்டும் என்று எவரும் கருதற்க. முத்தியங்கனையையும் கதிர்காமத் தேவாலயத்தையும் பக்தியோடு காட்டுவோம். புனித மாற்கு தேவாலயத்தை மரியாதையோடு காட்டுவோம். பாலத்தின் வளைவுகளை எண்ணிக் காட்டுவோம். ஆனால் காட்சி அங்கே முடிந்துவிடலாகாது.

ஸ்டொக்ஹோம் நகரத்தார் செய்ததை நாம் செய்ய மாளிகையும் பெரும்பணமும் வேண்டுவதில்லை. நம் நாட்டிலேயே கம்பளைக்கு அண்மையில், பழைய லயம் ஒன்றைத் தோட்டத் தொழிலாளரின் அருங்காட்சியகமாக்கி 2007 இல் திறந்திருக்கின்றனர். அவர்களால் இயன்றது ஊவாவிலும் இயலும். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, பழைய பற்றுச்சீட்டு, காமன் கூத்துக்குக் கட்டிய சலங்கை, இந்தியாவிலிருந்து வந்த கடிதக் கட்டு ஆகிய இவையெல்லாம் குப்பையல்ல, சரித்திரம். அவற்றை எறியாது வைப்போம். பாட்டனும் பாட்டியும் இருக்கும்போதே, அவர்கள் வந்த ஊர், வந்த ஆண்டு, வேலை செய்த மலை, பிரிந்து போனவர் பெயர் என்பனவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். பெரியோர்களும் பிள்ளைகள் கேட்கும்வரை காத்திராது, தாமே முன்வந்து சொல்லவேண்டும். துன்பக் கதையைச் சொல்லி என்ன பயன் என்று பலர் வாய்மூடியிருக்கின்றனர். பதுளைக் கற்றூணைப் பாருங்கள். அதிலிருப்பதும் துன்பக் கதையே.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஹோபிட்டிகமைச் சந்தையில் நின்ற சாதாரண மக்களின் குறை இன்றும் படிக்கப்படுகின்றது. நம் முன்னோர் நடந்த வழியும், நட்ட மலையும், அழுத மேடையும் அவ்வாறே படிக்கப்பட வேண்டும். இனி எவரேனும், "பதுளையிற் பார்க்கத்தக்கவை யாவை?" என்று நம்மைக் கேட்டால், விகாரையையும் அருவியையும் பாலத்தையும் சொல்லிவிட்டு, "எங்கள் தோட்டத்திற்கும் வாருங்கள், எங்கள் பாட்டி உங்களுக்கு ஒரு கதை சொல்லுவார்" என்று அழைப்போமாக.